சாலிமின் இடுப்புக் கயிறு

இதை எழுதுவதா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப் போட்டேன். இந்தத் தொடரை ஆரம்பித்தபோதுகூட, 'எல்லாவற்றையும் எழுதுவோம், இதை மட்டும் விட்டுவிடுவோம்' என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கேம்ப் சமையலைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். "அரபு நேவிக்காரனை நீங்கள் கடலுக்குள்ளிருந்து காப்பாற்றினீர்களாமே, அதை எப்போது எழுதுவீர்கள்? எங்கள் ரூமில் ஒரு தூத்துக்குடிக்காரர் அந்தக் கதையைச் சொல்லாத வெள்ளிக்கிழமை இல்லை" என்று கேட்டிருந்தார்.

கடிதத்தை மடித்து வேத புத்தகத்துக்குள் வைத்தேன். பதில் எழுதவில்லை.

ஏனென்றால் நான் யாரையும் காப்பாற்றவில்லை. அந்தக் கதையில் காப்பாற்றப்பட்டவன் நான்தான். காப்பாற்றியவரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எங்கள் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதை என்றைக்கோ சொல்லிவிட்டேன். "ஆண்டவர் மன்னிச்சிட்டாரு அந்தோணி. ஆனா ஊரு இன்னும் உன்னைப் புகழுதே, அதுக்கு என்ன செய்யப் போற?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த வாரம்.

கையில் கயிறு

முதலில் அந்தக் காலையைச் சொல்லிவிடுகிறேன்.

படகுத்துறையின் சிமெண்டுத் தரை. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் டீசல் வாடை. என் கையில் ஒரு வெள்ளைக் கயிறு. கயிற்றின் மறுமுனை கலங்கிய பச்சைத் தண்ணீருக்குள் போகிறது. அந்த முனை சாலிம் என்கிற இருபத்திரண்டு வயதுச் சிப்பாயின் இடுப்பில் கட்டியிருக்கிறது. அவன் முகத்துக் கண்ணாடியில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். கண் தெரியாமல், சேற்றில் கையால் தடவி, அடியில் கிடக்கிற ஒரு இரும்பு உருளையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் சோதனை.

எனக்குப் பின்னால் ராஷித் சார் நிற்கிறார். பக்கத்தில் மேஜை போட்டு, சோதனை எடுக்க வந்த வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். செம்பட்டை மீசை. கையில் ஸ்டாப் வாட்ச்.

கயிறு ஒரு தரம் வெடுக்கென்று இழுத்தது.

அப்போது நான் செய்ததும், அதற்கடுத்த நிமிஷம் நான் சொன்னதும்தான் இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடக்கிறது.

ஒரு சின்ன நாட்டின் நேவி

எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. வளைகுடாவில் ஒரு சின்ன நாடு. நான் போய்ச் சேர்ந்தது இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷம். ஒரு சண்டை முடிந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. இன்னொரு சண்டை வரும், வரும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. நடுவில் கிடைத்த அந்தக் கொஞ்ச காலத்தில்தான் அந்த நாடு தனக்கென்று ஒரு கடற்படையை நிமிர்த்திவிடப் பார்த்தது.

கப்பல் வாங்கிவிட்டார்கள். அது பெரிய விஷயமில்லை. ஆள்தான் இல்லை.

எங்கள் பயிற்சிப் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் வங்காளி. எஞ்சின் பார்க்கிறவர் பாகிஸ்தானி. பாடம் எடுக்கிறவர் எகிப்துக்காரர். ஸ்டோர் கீப்பர் குஞ்ஞுமோன் என்கிற மலையாளி. நீச்சல் பழகும்போது பக்கத்தில் சேஃப்டி போட்டில் காத்துக் கிடக்கிறவன், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் எட்டாங்கிளாஸோடு நின்ற அந்தோணி, அதாவது நான். "கொடி மட்டும்தான்டா அந்தோணி இவிடத்துக்காரன். பாக்கி எல்லாம் நம்மளாக்கும்" என்பான் குஞ்ஞுமோன். அந்தக் கொடியைத் தைத்ததும் ஒரு சூரத்து டெய்லர் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போலீஸில் வேலை கிடைக்கும், எண்ணெய்க் கம்பெனியில் ஏசி ரூம் கிடைக்கும். கடலுக்கு ஏன் வருவான்?

இதிலும் ரொம்பத் தட்டுப்பாடு முக்குளிக்கிறவர்களுக்கு. முந்தின சண்டையில் கடலுக்குள் போட்ட கண்ணிவெடி எங்கெங்கே கிடக்கிறதென்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதைத் தேட வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆள் வருவார்கள், வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். "நம்ம வாசல்ல கிடக்கிற வெடியை எடுக்க அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிடுறோம்" என்று ராஷித் சார் வருத்தப்படுவார். சொந்த நாட்டுப் பையன்களை வைத்து ஒரு முக்குளிப்புப் பிரிவு தொடங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று அனுமதி வாங்கியவர் அவர்.

ஒரு நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்தார்கள். குறைந்தது நாலு பேராவது கடைசிச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் பிரிவு கிடையாது, பழையபடி வெளிநாட்டுக் கம்பெனி.

பாலைவனத்தில் ஒரு படகு

ராஷித் சார் அங்கே நகீப். நகீப் என்றால் தோளில் மூன்று நட்சத்திரம் வைத்த அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான மனிதர். ஐந்து வேளையும் தொழுகிறவர். என் பெயர் வாயில் நுழையாமல் 'அந்தூன்' என்பார். நாங்கள் பேசிக்கொண்டது பாதி அரபி, பாதி இந்தி, மீதி கை. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஆள் எடுக்க அவர் போன விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் மயிர் சிலிர்க்கும். பேப்பரில் விளம்பரம் போட்டுவிட்டு ஆபீஸில் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு சின்ன ரப்பர் படகை டிரெய்லரில் ஏற்றி, ஜீப்பில் மாட்டிக்கொண்டு, கடலே தெரியாத உள்பகுதிக் குடியிருப்புகளுக்குப் போவார். படகைப் பார்த்துக்கொள்ள நான். சுற்றிலும் மணல், நடுவில் ஒரு படகு, அதற்குள் நான் உட்கார்ந்திருப்பேன். ஒட்டகம் வந்து மோந்து பார்க்கும்.

அவர் உள்ளே போய்ப் பெரியவர்களோடு தரையில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். நேவிக்கு ஆள் எடுக்கிறேன் என்று சொல்லவே மாட்டார். "உங்க பிள்ளையை இரவல் கேட்டு வந்திருக்கேன்" என்பார்.

"கடலா? நாங்க ஒட்டகத்துக்காரங்க. எங்களுக்கும் கடலுக்கும் என்ன?" என்று ஒரு பெரியவர் சிரித்தார். பிறகு ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். இந்தியாக்காரன் எவனும் அவர்களுக்கு 'ஹிந்தி'தான். "ஏய் ஹிந்தி, இங்க வா. நீ கடல்லயே கிடக்கிறவனாமே. கடல் நல்லதா?"

"நல்லதுதான் பாபா. அது பாட்டுக்கு இருக்கும். நாமதான் பாத்து நடந்துக்கணும்."

"பொண்டாட்டி மாதிரின்னு சொல்லு!" என்றார். வீடே சிரித்தது.

அது சாலிமின் வீடு. அவர் அவனுடைய பெரியப்பா. சாலிமுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்கு அவன் ஒரே மகன்.

சிரிப்பு அடங்கியதும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. சாலிமின் அம்மா. "கடலுக்கு அடியில போவானாமே. மூச்சு முட்டுச்சுன்னா யாரு தூக்குவா?"

ராஷித் சார் யோசிக்கவே இல்லை. வாசலில் நின்ற என்னைக் காட்டினார். "இடுப்புல கயிறு இருக்கும் அம்மா. இவன் தூக்குவான். கடல்லயே பொறந்தவன்."

திரை கொஞ்சம் விலகியது. இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்கள் என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தன. "உனக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"மூணு பொண்ணு இருக்கு அம்மா."

"சரி. அப்ப கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அதிகாரி சொன்னதற்காக அந்தத் தாய் மகனை அனுப்பவில்லை. எனக்கு மூன்று பெண்கள் என்பதற்காக அனுப்பினாள்.

பதினொன்று நாலானது

பதினொரு பேர் வந்தார்கள். சேணமில்லாமல் குதிரை ஓட்டுகிறவன் எல்லாம் முதல் நாள் இரும்பு ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். தண்ணீருக்குள் கண்ணைத் திறக்கவே ஒரு வாரம் ஆயிற்று. ஒருவன், "மீனுக்கு இருக்கிற இடத்துல மனுஷனுக்கு என்ன வேலை? கலாஸ், முடிஞ்சுபோச்சு, நான் போறேன்" என்று ஷூவைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

ராஷித் சார் அவர்களுக்கு முன்னால் தண்ணீரில் இறங்குவார். கரையில் நின்று விசில் ஊதுகிற பழக்கமே அவரிடம் இல்லை. குளிர் காலத்தில் உதடு நீலமாகிப் போகும், அப்போதும் கடைசி ஆள் ஏறின பிறகுதான் ஏறுவார். அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு உண்டு. பதினொரு பெயரும் பென்சிலால் எழுதியிருக்கும். விட்டுப் போனவன் பெயரை அடிக்க மாட்டார். "ஏன் சார்?" என்று கேட்டேன். "போனவங்க எல்லாரும் எனக்காக ஒரு நாளாவது தண்ணியில இறங்கினாங்களே" என்றார்.

ஒன்றரை வருஷத்தில் மிச்சம் நின்றது நாலு பேர். சரியாக நாலு. ஒருவன் தவறினாலும் பிரிவு இல்லை.

சாலிம் அந்த நாலில் ஒருவன். முதல் மாதம் வாந்தி எடுத்தவன், கடைசியில் எல்லோரையும்விடச் சுத்தமாக முக்குளித்தான்.

எங்கள் கடல் பழக்கம்

இங்கே ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நான் செய்த தவறு உங்களுக்குப் புரியாது.

நான் கல்ஃப் போவதற்கு முன் ஒன்பது வருஷம் சங்கு குளித்தவன். எங்கள் பக்கம் சங்கு குளிக்க இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். காற்று டியூப் வந்த பிறகும் அந்தக் கயிறு போகவில்லை. மேலே வள்ளத்தில் அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் மச்சானாக இருக்க வேண்டும், பெண்டாட்டியோடு பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பி வேண்டாம் என்பார்கள். அவன் பங்காளி, நாளைக்குச் சொத்துப் பிரிக்கிறவன். மச்சான் அப்படியில்லை. கயிற்றை விட்டால் அறுவது அவன் அக்காள் தாலி.

என் கயிற்றை ஒன்பது வருஷமும் பிடித்தவன் என் மச்சான் சவேரி. பிறகு அவனும் குவைத்துக்குப் போய் மங்காஃபில் இருந்தான்.

எங்கள் பக்கம் சைகை ஒன்றே ஒன்றுதான். கீழிருந்து கயிற்றை ஒரு தரம் வெட்டி இழுத்தால், தூக்கு. எதற்கு என்று கேட்கக் கூடாது, இன்னொரு இழுப்புக்குக் காத்திருக்கவும் கூடாது. ஒருமுறை பாரில், அதாவது சங்கு கிடக்கிற கடலடிப் பாறையில், என் காற்று டியூப் மடங்கிக்கொண்டது. கண் இருட்டியது. ஒரு தரம்தான் இழுத்தேன், இரண்டாவது இழுப்புக்குக் கையில் தெம்பில்லை. சவேரி அந்த ஒன்றிலேயே தூக்கிவிட்டான். இல்லையென்றால் இந்தத் தொடரே இல்லை.

ஆனால் அந்த நேவியில் வெளிநாட்டுப் புத்தகத்தின்படி வேறு கணக்கு. கீழே இருப்பவன் ஒரு தரம் இழுத்தால், "நலமாக இருக்கிறேன்" என்று அர்த்தம். நாலு தரம் இழுத்தால்தான் தூக்க வேண்டும். ஸ்டோர் சுவரில் பெரிய சார்ட்டாக ஒட்டியிருந்தது. தினமும் பார்ப்பேன், மனப்பாடம். ஆனால் பயிற்சியில் கயிறு பிடிக்கிறவர் வேறு ஆள். என் வேலை சேஃப்டி போட்டில். சார்ட்டைப் படித்தது என் கண் மட்டும்தான், கை படிக்கவில்லை.

சோதனை அன்று கயிறு பிடிப்பவருக்குக் காய்ச்சல். ராஷித் சார் என்னைக் கூப்பிட்டார். "சாலிம் கயிறு நீதான். அவங்கம்மாகிட்ட சொல்லியிருக்கோம்ல."

நான் சொன்ன பொய்

கயிறு ஒரு தரம் இழுத்தது. என் கை தூக்க ஆரம்பித்துவிட்டது.

யோசித்துச் செய்யவில்லை. ஒன்பது வருஷப் பழக்கம். மளமளவென்று சுருட்டினேன். ராஷித் சார் பின்னாலிருந்து "அந்தூன், லா! லா!", வேண்டாம் வேண்டாம் என்று கத்துவது காதில் விழுவதற்குள் சாலிமின் தலை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது.

அவன் முகத்துக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தான். "ஏன் தூக்கின? என் கை உருளை மேல இருந்துச்சு! இப்பதான் பிடிச்சேன்!"

செம்பட்டை மீசை வாட்சை நிறுத்தினார். எழுந்து வந்து கேட்டார். ராஷித் சார் அதை எனக்குச் சொன்னார். "அந்தூன், எத்தனை தரம் இழுத்தான்?"

என் வாய் சொன்னது: "நாலு சார்."

அப்படித்தான் சொன்னேன். யாரும் சொல்லித் தரவில்லை, மிரட்டவும் இல்லை. வேலை போய்விடும், ரூமுக்குப் போய்ப் பெட்டி கட்டச் சொல்வார்கள், மூன்று பெண் பிள்ளைகள் என்று ஒரு நொடியில் எல்லாம் ஓடியது. நாக்கு முந்திக்கொண்டது.

"ஒண்ணு! ஒண்ணுதான் இழுத்தேன், வல்லாஹி!" என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டான் சாலிம், தண்ணீரில் நின்றபடியே.

ராஷித் சார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் என்னைத்தான் நம்பினார். அவர் முகத்தில் அது தெரிந்தது. பயத்தில் பையன் குழம்பியிருப்பான், கடலில் பிறந்தவன் எதற்குப் பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்திருப்பார்.

வெள்ளைக்காரர் சட்டத்தைச் சொன்னார். கயிறு பிடித்தவன் தவறு என்றால் மறு சோதனை உண்டு, முக்குளித்தவன் தவறு என்றால் கிடையாது. ராஷித் சார் அதையும் எனக்கு மொழிபெயர்த்தார். அதற்குப் பிறகாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மீதி மூன்று பேரும் அன்றைக்குத் தேறிவிட்டார்கள். மூன்றுதான். நாலில்லை.

மத்தியானம்

ஸ்டோரில் போய் உட்கார்ந்தேன். குஞ்ஞுமோன் சுலைமானி டீ போட்டுக் கொடுத்தான். என் முகத்தைப் பார்த்தே அவனுக்கு விளங்கிவிட்டது.

"ஒண்ணுதானே?" என்றான்.

தலையாட்டினேன்.

"எடா, நீ ஒண்ணும் பறயண்டா. பறஞ்சா நிண்டெ ஜோலி போகும். அவன் இந்த நாட்டுக்காரன். அவனுக்கு வேற ஜோலி கிட்டும். நமக்கு மாஃபி, ஒண்ணும் கிட்டில்ல."

அது நியாயம் மாதிரிதான் இருந்தது. பாவத்துக்குப் பேச்சுத்துணை எப்போதும் கிடைக்கும்.

சவேரிக்குப் போன் போட்டேன். "என்ன அத்தான், இந்த நேரத்துல? டூட்டி இல்லியா?" என்றான். விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "மாப்ள, அன்னிக்கு பாருல நான் ஒரு தரம்தான இழுத்தேன்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"நீ ஏன் ரெண்டாவது இழுப்புக்குப் பாக்கல?"

"என்னத்தான் பேசுதீரு? அக்கா முகத்தைப் பாக்கணும்லா நான்!" என்றான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் சாலிம் நின்றான். கையில் மடித்த யூனிஃபார்ம். மறுநாள் காலையில் அவனை வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. என்னை அடிக்க வந்திருப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தூன், எனக்கு ஒரு உதவி செய்யணும். நாளைக்கு என்கூட ஜீப்புல வா. நான் பயந்துபோய் நாலு தரம் இழுத்தேன்னு எங்கம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா. உன்னைத்தான அவ நம்பினா."

சொல்லிவிட்டு யூனிஃபார்மை ஸ்டோர் மேஜையில் வைத்தான். சட்டையின் மடிப்பு கத்தி மாதிரி நேராக இருந்தது.

கழுத்தில் கிடந்த ஜெபமாலையைத் தொட்டுப் பார்த்தேன். மாதாவே, இந்த வாயை வைத்துக்கொண்டு அந்தத் தாயிடம் நான் எப்படிப் பேசுவேன்?

தொழுகைப் பாய்

ராஷித் சாரைத் தேடிப் போனேன். ஆபீஸ் வாசலில் அசர் தொழுதுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன். அவர் நெற்றி தரையில் பட்டுக் கிடந்த நேரம் எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது.

சலாம் சொல்லி முடித்துத் திரும்பினார். பாயிலிருந்து எழுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "சார், சாலிம் ஒரு தரம்தான் இழுத்தான். நான் பொய் சொன்னேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"யாருக்குப் பயந்த? எனக்கா?"

"வேலைக்கு சார்."

"அல்லாஹ்வுக்கு?"

"அதான் சார் வந்துட்டேன்."

பிறகு கேட்டார்: "சரி, பொய் அப்புறம். ஒரு இழுப்புக்கு ஏன் தூக்கின? சார்ட்டு உனக்குத் தெரியுமே."

எங்கள் கடலைச் சொன்னேன். மச்சான் கயிறு பிடிப்பதையும், அக்காள் தாலியையும், மடங்கிய டியூபையும் சொன்னேன். முடியாதவனுக்கு இரண்டாவது இழுப்புக்குத் தெம்பு இருக்காது என்றும் சொன்னேன். தன்னை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாதா?"

"கூடாது சார். பங்காளி."

அந்த வேதனையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊர்லயும் அதேதான். அண்ணன் கையில ஒட்டகத்தைக்கூடக் குடுக்க மாட்டோம்."

சிரிப்பு போய், முகம் பழையபடி ஆனது. "நீ தூக்கினது பழக்கம், அதை மன்னிக்கலாம். பொய் சொன்னதை நீதான் எல்லார் முன்னாலயும் சொல்லித் தீர்க்கணும். நாளைக்குக் காலையில."

"சொல்றேன் சார்."

"மறு சோதனையில சாலிம் கயிறு நீதான் பிடிக்கணும்."

"வேண்டாம் சார். வேற ஆள் போடுங்க. திரும்பவும் தப்பாச்சுன்னா உங்க பிரிவே போயிரும்."

"வேற ஆள் பிடிச்சா சாலிம் பாஸாயிருவான். நீ?" என்றார். "அவங்கம்மாகிட்ட உன்னைக் காட்டித்தான் சொன்னேன். ஆளை மாத்த மாட்டேன்."

ஒன்றரை வருஷ உழைப்பு. நாலு பேரில் நாலாவது ஆள். அதை ஒரு பொய்யன் கையில் திரும்பக் கொடுக்கிறார். நான் படித்தவனில்லை. ஆனால் சுவிசேஷத்தில் வாசித்துக் கேட்டதையெல்லாம் ஒரு மனிதர் தொழுகைப் பாயில் உட்கார்ந்தபடி செய்ததைக் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள்

எல்லோரும் வரிசையில் நின்றார்கள். செம்பட்டை மீசை முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஒன் சார். நாட் ஃபோர். ஐ லை" என்றேன். சாலிமைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெள்ளைக்காரர் என் பெயரை எழுதப் பேனாவை எடுத்தார். ராஷித் சார் ஒரு அடி முன்னால் வந்தார். அவர் சொன்னதைக் குஞ்ஞுமோன்தான் எனக்குப் பிறகு விளக்கினான். "கயிற்றில் இவரை நிறுத்தியது நான். இவர் ஊர்க் கடலில் பழக்கம் எப்படி என்று நான் கேட்கவில்லை. தவறை என் பெயரில் எழுதுங்கள்" என்றாராம். எழுதினார்கள். அதனால் அவருடைய பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப் போனது. அதை அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

இறங்குவதற்கு முன்னால் எங்கள் இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்தார். "முகத்தைப் பாத்து சொல்லுங்க. ஒண்ணுன்னா?"

"நலம்" என்றான் சாலிம்.

"நலம்" என்றேன்.

"நாலுன்னா?"

"தூக்கு" என்றோம் இருவரும். சாலிம் என் கண்ணைப் பார்த்தான். "அந்தூன், யல்லா" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

குமிழிகள் வந்தன. நகர்ந்தன. படகுத்துறைக் கல்லில் சிப்பி ஒட்டியிருந்த இடத்தில் தண்ணீர் தளக் தளக் என்று அடித்தது.

கயிறு ஒரு தரம் இழுத்தது.

கை துடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கை எனக்குச் சொந்தமில்லாதது போலத் துடித்தது. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன். மூச்சு முட்டினால் யார் தூக்குவார் என்று அந்தத் தாய் கேட்டது காதில் விழுந்தது. தூக்கவில்லை. முறைப்படி நானும் ஒரு தரம் கீழே இழுத்துக் கேட்டேன்: நலமா?

பதில் வரவில்லை.

எத்தனை நொடி என்று தெரியாது. ராஷித் சார் என் தோளைத் தொடக்கூட இல்லை. திரும்பவும் ஒரு தரம் இழுத்துக் கேட்டேன்.

ஒன்று.

பிறகு, கொஞ்சம் பொறுத்து: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

தூக்கினேன். இரண்டு கையாலும் உருளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சாலிம் வந்தான். மூக்கில் லேசாக ரத்தம். வாயெல்லாம் பல். செம்பட்டை மீசை வாட்சைப் பார்த்துத் தலையாட்டினார். ராஷித் சார் அந்தச் சிமெண்டுத் தரையிலேயே, ஷூவோடு, நெற்றி பட விழுந்தார். நான் பக்கத்தில் முழங்காலில் நின்று சிலுவை போட்டேன். அதை யாரும் தப்பாக எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் வந்தது. எந்த ஊர்க்காரன் கயிறு பிடித்தாலும், முக்குளிக்கிறவனும் அவனும் முகம் பார்த்துச் சைகையைச் சொல்லிக்கொண்ட பிறகுதான் இறங்க வேண்டும். நான் வேலையை விட்டு வரும்வரை அது இருந்தது.

கடைசியாக

அடுத்த சண்டை வரத்தான் வந்தது. அந்த நாலு பேரும் கடலுக்குப் போனார்கள். நாலு பேரும் திரும்பி வந்தார்கள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அவர்கள் வந்த வாரம் சாலிம் ஒரு டின் நெய் கொண்டுவந்து கொடுத்தான். "கயித்துக்காரருக்கு" என்று அவன் அம்மா கொடுத்துவிட்டாளாம். அவளிடம் அவன் எதையுமே சொல்லவில்லை. "நீ நல்லாத் தூக்கினேன்னு மட்டும் சொன்னேன்" என்றான். அந்த நெய்யை நான் தொடவில்லை. ரூமில் மற்றவர்கள் தின்றார்கள்.

கதை எப்படித் திரிந்ததென்றும் சொல்லிவிடுகிறேன். சவேரியிடம் நான் பாதியைத்தான் சொன்னேன், என் பொய்யை விட்டுவிட்டேன். அவன் மங்காஃப் ரூமில் சொன்னான், அங்கிருந்து ஊருக்கு வந்தது. வரும் வழியில் கதையிலிருந்து ராஷித் சார் காணாமல் போனார், சாலிம் மூச்சு முட்டிச் சாகக் கிடந்தான், நான் ஒரே இழுப்பில் தூக்கிக் காப்பாற்றிவிட்டேன். போன கிறிஸ்துமஸுக்கு என் பேரனே இதை என்னிடம் சொன்னான். திருத்தாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான்.

ஆகவே இதைப் படிக்கிற அன்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ரூமில், கேம்பில், வீட்டில் யாராவது இந்தக் கதையைப் பழைய மாதிரி சொன்னால், நிறுத்திவிட்டு இப்படிச் சொல்லுங்கள். கயிறு பிடித்தவன் தப்புச் செய்தான், பொய்யும் சொன்னான். ராஷித் என்று ஒருவர் அதைத் தன் பெயரில் எழுதச் சொல்லிவிட்டு, அதே கயிற்றை அவன் கையிலேயே திரும்பக் கொடுத்தார். எனக்காக இதில் எதையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

சாலிம் ஒரு தரம்தான் இழுத்தான். நீங்களும் அதை நாலாக்கிவிடாதீர்கள்.